திருக்கை பார்க்கப் போகிறவர்கள்

ஹவாய்த் தீவின் கோனா கரையில் 1970களில் கோனா சர்ஃப் என்றொரு ஹோட்டல், விருந்தினர் இரவிலும் அலையைப் பார்க்கட்டும் என்று கடலை நோக்கிப் பெரிய விளக்குகளைப் போட்டது. வெளிச்சத்துக்கு மிதவை உயிரிகள் கூடின. அவற்றைத் தின்ன மூன்று மீட்டர் அகலமுள்ள திருக்கைகள் வந்தன. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. நாளடைவில் முக்குளிப்பவர்கள் விளக்கைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். இன்று அந்தக் கரையில் அந்தி சாய்ந்ததும் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஸ்கூபா குழுவினர் கடலடியில் வட்டமாக உட்கார்ந்து டார்ச்சை மேல்நோக்கிப் பிடிக்கிறார்கள். ஸ்நார்க்கல் குழாயோடு மிதப்பவர்கள் மேலே ஒரு பலகையைப் பற்றிக்கொண்டிருக்க, பலகையில் பொருத்திய விளக்கு கீழ்நோக்கி எரிகிறது. இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவே திருக்கைகள் வாயைத் திறந்தபடி குட்டிக்கரணம் போட்டுச் சாப்பிடுகின்றன.

இப்படி மனிதர் போய்ப் பார்ப்பது அந்த மீனுக்கு நன்மையா, தொந்தரவா? கடல் ஆய்வாளர்களும் சுற்றுலா நடத்துபவர்களும் நெடுநாளாக இதை விவாதிக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் எந்தத் திருக்கைக்கு, எந்தக் கடலில், யாருடைய கணக்கில் என்று பிரித்துக் கேட்காதவரை விடை கிடைக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மீனைப் பற்றி. நம் கரைகளில் கொம்புத் திருக்கை என்று சொல்லும் கூட்டத்தில் மிகப் பெரியவை மான்டாக்கள். 2009 வரை மான்டா என்றால் ஒரே இனம் என்றே எண்ணியிருந்தார்கள். மொசாம்பிக் கடலில் ஆய்வு செய்துவந்த ஆண்ட்ரியா மார்ஷலும் சக ஆய்வாளர்களும் அந்த ஆண்டு அதை இரண்டாகப் பிரித்தார்கள். பவளத்திட்டுகளை ஒட்டி வாழ்வது திட்டு மான்டா. பெரும்பாலும் மூன்று, மூன்றரை மீட்டர் அகலம். திறந்த கடலில் அலைவது பெருங்கடல் மான்டா. ஏழு மீட்டர் வரை வளரும். அட்லாண்டிக்கில் வாழும் மூன்றாவது இனத்துக்கு 2025இல்தான் பெயர் வைத்தார்கள். இது ஏதோ அருங்காட்சியகச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. எந்த மான்டாவைச் சுற்றுலா காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பது இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

மான்டாவுக்குக் கொட்டும் முள் கிடையாது. தலையின் இருபுறமும் உள்ள துடுப்புகளைச் சுருட்டினால் கொம்பு. விரித்தால் நீரை வாய்க்குள் அள்ளித் தள்ளும் அகப்பை. ஐரோப்பிய மாலுமிகள் அந்தக் கொம்பைப் பார்த்துத்தான் பேய்மீன் என்று பயந்தார்கள். அது தின்பதோ மிதவை உயிரிகளை. உள்ளே போகும் நீரிலிருந்து உணவைப் பிரிக்கும் விதத்தை 2018இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது: செவுளில் உள்ள வடிகட்டியின் ஓட்டைகளைவிடச் சின்ன துகள்கூட உள்ளே நழுவுவதில்லை, வடிகட்டியின் மடல்களில் பட்டுத் தெறித்துத் தொண்டைப் பக்கம் போய்விடுகிறது. அதனால் அடைப்பதே இல்லை. மீன்களிலேயே மிகப் பெரிய மூளை இதற்குத்தான். அந்த மூளையைச் சுற்றி இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடந்து அதைச் சூடாக வைத்திருக்கின்றன. 2016இல் பஹாமாஸில் கண்ணாடி வைத்துப் பார்த்த சோதனையை வைத்து, மான்டா தன்னைத் தானே அடையாளம் காண்கிறது என்று சிலர் சொன்னார்கள். வேறு சிலர் அவ்வளவு தூரம் போக முடியாது என்றார்கள். அந்தச் சர்ச்சை இங்கே நமக்கு வேண்டாம்.

வேண்டியது வேறொரு செய்தி. மான்டா ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். கரு ஏறத்தாழ ஓராண்டு வயிற்றில் இருக்கிறது. அடுத்த குட்டிக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். பெண் மீன் பருவத்துக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் வேண்டும். லட்சக்கணக்கில் முட்டையிடும் மத்திக்கு ஒரு பருவம் மோசமாகப் போனால் மறு பருவத்தில் ஈடு செய்துகொள்ளும். மான்டாவுக்கு அந்த வசதி இல்லை. ஒரு கிராமம் இரண்டு மூன்று பருவம் முனைந்து பிடித்தாலே அந்தக் கடலின் கூட்டம் தேய்ந்துவிடும்.

முக்குளிப்பவர்கள் மான்டாவைச் சந்திக்கும் இடங்களில் முக்கியமானது துப்புரவு நிலையம் என்று அவர்கள் சொல்லும் பவளப் பாறை. அங்கே குடியிருக்கும் சின்ன மீன்கள் மான்டாவின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளையும் இறந்த தோலையும் கொத்தித் தின்னும். மான்டா வேகத்தைக் குறைத்து, பாறைக்கு மேலே வட்டமிட்டுக் கொண்டே உடம்பைக் கொடுக்கும். மைக்ரோனேசியாவின் யாப் தீவில் கால்வாய்களுக்குள் இருக்கும் இத்தகைய பாறைகளை வைத்தே ஒரு சுற்றுலா வளர்ந்தது. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டில் மான்டா சாண்டி என்ற இடத்தில், மணலில் கற்களை வரிசையாக அடுக்கி, அதற்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கோடு போட்டிருக்கிறார்கள். எளிய ஏற்பாடுதான். ஆனால் இருபது பேர் கோட்டுக்குப் பின்னால் அசையாமல் இருந்தால் மான்டா அரைமணி நேரம் அங்கேயே சுற்றும். ஒருவர் எழுந்து பாறைக்கு மேலே மிதந்தால் போய்விடும். அன்றைக்கு அத்தனை பேருக்கும் அத்தோடு முடிந்தது.

மூச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்கூபா கற்பவருக்குச் சொல்லும் முதல் பாடமே மூச்சை அடக்காதே என்பது. அழுத்தக் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு கொஞ்சம் மேலே வந்தாலும் காற்று விரிந்து நுரையீரல் கிழியக்கூடும். மான்டா நிலையத்தில் சொல்லும் பாடமோ, அது உன் தலைக்கு மேல் வரும்போது குமிழியைக் கொட்டாதே என்பது. இரண்டையும் காப்பாற்ற வேண்டுமானால் இடத்தை முன்கூட்டியே பார்த்து, நம் குமிழிகள் அதன் பாதையில் எழாதபடி ஓரமாக உட்கார வேண்டும். இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. மெக்சிகோவின் ரெவியாகிகேடோ தீவுகளில் வரும் பெருங்கடல் மான்டாக்கள் மனிதரைத் தேடி வந்து குமிழிகளுக்கு மேலே வயிற்றைக் காட்டி நிற்கின்றன என்று அங்கே இறங்கியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்கிறார்கள். ஏன் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. ஒரு கடலின் மான்டா நடந்துகொள்வதை வைத்து இன்னொரு கடலுக்கு விதி எழுதக் கூடாது என்பதற்கு இது போதும்.

மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நன்மையா, தொந்தரவா என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த மிக நேர்மையான விடை அங்கேதான் இருக்கிறது. பா அடோல் என்னும் வளையத் தீவுக்கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கால்பந்து மைதானம் அளவே உள்ள ஒரு குழிவு அது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஓதம் வலுக்கும்போது, மிதவை உயிரிகள் விரிகுடாவுக்குள் அடித்து வரப்பட்டு வெளியேற வழியில்லாமல் திரண்டு நிற்கும். அந்த நாட்களில் நூறு மான்டாக்கள்கூட உள்ளே வருவதுண்டு. முதலில் தனித்தனியே மேயும். பிறகு ஒன்றன் வாலை ஒன்று தொடர்ந்து சங்கிலியாகும். உணவு மிகவும் அடர்ந்திருந்தால் அந்தச் சங்கிலியே வளைந்து தன் வாலைத் தான் பிடித்துச் சுழலாகிவிடும். இந்தச் சுழல் மேய்ச்சலை மான்டா டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கிய கை ஸ்டீவன்ஸ் அங்கே பார்த்துப் பதிவு செய்தார்.

2009இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் அந்தப் படங்கள் வந்தன. பிறகு என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுற்றியுள்ள தீவு விடுதிகளிலிருந்தும் தங்கும் கப்பல்களிலிருந்தும் படகுகள் குவிந்தன. மைதானம் அளவுள்ள இடத்தில் மான்டாவைவிட மனிதர் அதிகம். அதே ஆண்டு அரசு அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. 2011இல் பா அடோல் முழுவதும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2012இல், சுற்றுலாவால் வாழும் ஒரு நாடு எளிதில் எடுக்காத முடிவை எடுத்தார்கள்: ஹனிஃபாருவில் ஸ்கூபாவே கூடாது. ஸ்நார்க்கல் மட்டும். ஒரே நேரத்தில் 80 பேருக்கு மேல் இல்லை. ஒருவருக்கு 45 நிமிடம். உடன் வருபவர் பயிற்சி பெற்ற வழிகாட்டியாக இருக்க வேண்டும். காவலர்கள் படகில் நின்று கண்காணிக்கிறார்கள். கட்டணம் அந்த அடோலின் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது.

உலகின் மிகப் பெயர்பெற்ற மான்டா இடத்தில் ஸ்கூபாவுக்கு இடமில்லை என்பது முக்குளிப்பவர்களுக்கு இன்றும் கொஞ்சம் கசக்கிறது. குமிழிதான் பிரச்சினையா, தலைகளின் எண்ணிக்கைதானா, கட்டுப்பாடில்லாமல் துரத்துவதா என்று வாதாடுகிறார்கள். மூன்றும்தான். சிறிய குழிவில், கீழே ஒரு கூட்டம், மேலே ஒரு கூட்டம் என்றால் மீனுக்கு எஞ்சுவது நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு நீர்தான். கோனாவில் அந்த அடுக்குக்குள் மனிதர்கள் விளக்கு வைத்து மான்டாவை வரவழைக்கிறார்கள். ஹனிஃபாருவில் மான்டா தன் சோற்றுக்காகத் தானே வந்திருக்கிறது. இந்த வேற்றுமையை மாலத்தீவு மதித்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்கூபாக்காரர்களுக்கு அந்த நாட்டில் வேறு இடம் இல்லாமலும் போகவில்லை. 2006 முதல் 2008 வரையிலான நிலவரத்தை ஆராய்ந்த ஒரு கணக்கீடு, மான்டா பார்க்கும் இடங்களாக 91 பவளத்திட்டுகளை அங்கே பட்டியலிட்டது.

அதே கணக்கீடுதான் பணத்தைப் பற்றிய பேச்சுக்கும் தொடக்கம். ஆண்டுக்கு 1,43,000 ஸ்கூபா இறக்கங்கள், 14,000 ஸ்நார்க்கல் பயணங்கள், அவற்றால் நேரடியாக 81 லட்சம் டாலர் என்று அது மதிப்பிட்டது. 2013இல் வந்த இன்னொரு ஆய்வு உலகம் முழுவதும் மான்டா சுற்றுலா நடத்துபவர்களுக்குக் கிடைக்கும் நேரடி வருமானத்தை ஆண்டுக்கு 7.3 கோடி டாலர் என்றும், உணவு, தங்கல் எல்லாம் சேர்த்தால் 14 கோடி என்றும் சொன்னது. இதிலிருந்து பிறந்ததுதான் பிரச்சாரக்காரர்கள் எங்கும் சொல்லும் வாசகம்: உயிரோடு இருக்கும் ஒரு மான்டா தன் ஆயுளில் பத்து லட்சம் டாலர் சம்பாதித்துக் கொடுக்கும், செத்த மான்டாவுக்குச் சந்தையில் சில நூறு டாலர்தான்.

இந்தோனேசிய அரசை அசைத்தது இந்த வாசகம். 2014 தொடக்கத்தில் அந்நாடு தன் கடற்பரப்பு முழுவதிலும் மான்டா பிடிப்பதைத் தடை செய்தது. ராஜா அம்பாட்டில் அதற்கு முன்பே தடை இருந்தது. அங்குள்ள திட்டு மான்டாக்கள் பெருகி வருகின்றன என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்போதெல்லாம் கடல் பற்றிய ஆய்வில் பெருகுகிறது என்ற சொல்லைப் பார்ப்பதே அரிது. ஆகவே வாசகம் வேலை செய்தது. அதை மறுக்க நான் இதை எழுதவில்லை.

ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு கை மறைக்கப்படுகிறது. பத்து லட்சம் டாலர் யாருக்கு? சோலோர் தீவில் லாமகேரா என்று ஒரு கிராமம். தலைமுறைகளாகத் திமிங்கலமும் மான்டாவும் ஈட்டியெறிந்து பிடித்தவர்கள். சீனச் சந்தையில் செவுளுக்குக் கிராக்கி ஏறி, படகில் இயந்திரமும் ஏறியபின் அவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மான்டாக்கள் பிடித்ததாக 2002இல் ஒரு மதிப்பீடு வந்தது. மேற்கே கொமோடோவில் ஓர் ஐரோப்பியர் மான்டா பார்க்கக் கொடுக்கும் டாலரில் ஒரு சல்லிக்காசும் லாமகேராவின் ஈட்டிக்காரருக்கு வரப்போவதில்லை. தடை வந்தபோது அவருக்கு நேர்ந்தது இழப்பு மட்டுமே. பிறகு தொண்டு அமைப்பினர் அந்தக் கிராமத்துக்குப் போய் மாற்றுத் தொழிலுக்கு உழைத்தார்கள், பிடிப்பும் குறைந்தது. ஆனால் அது சுற்றுலாவின் வேலையல்ல, தனியாக ஆள்விட்டு, பணம் திரட்டிச் செய்த வேலை.

இன்னொரு பக்கம் மொசாம்பிக்கின் டோஃபு. மார்ஷல் ஆய்வு செய்த அதே கரை. மான்டாவுக்காகவே முக்குளிப்பு விடுதிகள் முளைத்த ஊர். அங்கே 2003க்கும் 2011க்கும் இடையே திட்டு மான்டாவைக் காண்பது 88 சதவீதம் குறைந்தது. சுற்றுலா இருந்தது, வருமானம் இருந்தது, ஆய்வாளரும் அங்கேயே குடியிருந்தார். வலையும் இருந்தது. மான்டா காலையில் முக்குளிப்பவருக்குக் காட்சி கொடுத்துவிட்டு மாலையில் பக்கத்துக் கரையின் வலையில் மாட்டலாம். அதைக் காப்பாற்றும் ஆற்றல் டிக்கெட் பணத்துக்கு இல்லை.

பாலியருகே நுசா பெனிடாவில் ஆபத்து வேறு விதம். நாளெல்லாம் படகுகள் வரும் மான்டா பாயிண்டில், மழைக்காலத்தில் நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துணுக்குகளை வைத்துக் கணக்கிட்டால் ஒரு மான்டா மணிக்கு 63 துணுக்குகள்வரை விழுங்கக்கூடும் என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தக் குப்பையில் சுற்றுலாவின் பங்கும் கொஞ்சம் இருக்காமலா போகும்?

சரி, நேரடித் தொந்தரவு எவ்வளவு? ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் மேலே சிறு விமானம் பறந்து மான்டாவைக் கண்டு சொல்ல, படகு அங்கே போய் ஆட்களை இறக்கும். அங்கே செய்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு சந்திப்பில் மான்டா தன் நடத்தையை மாற்றியது. மாலத்தீவில் இத்தகைய சந்திப்புகளின் காணொளிகளைப் பார்த்தவர்கள் எது விரட்டுகிறது என்று கண்டார்கள்: மூன்று மீட்டருக்குள் நெருங்குவது, பாதையை மறிப்பது, அடியில் முக்குளித்துப் போவது. விலகி மெல்ல மிதப்பவரைப் பொருட்படுத்தாமல் மீன் போய்விடுகிறது. இதிலிருந்து எழுதியதுதான் இன்று பல நாடுகளில் படகில் ஏறும்போது சொல்லும் விதிகள். தொடாதே என்பதற்குக் காரணமும் உண்டு. தோல்மேல் உள்ள வழவழப்பு நோய்க்கிருமிகளைத் தடுக்கும் படலம், கைபட்டால் போய்விடும். ஒரு தடவை விலகிப் போவதால் மான்டாவுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். ஒரு தடவைக்கு ஒன்றுமில்லைதான். தினம் பத்துப் படகு வரும் துப்புரவுப் பாறையில் அது ஒரு தடவையாக இராது.

முக்குளிப்பவர்களால் மான்டாவுக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை டாலர் அல்ல, படம் என்பது என் கருத்து. ஒவ்வொரு மான்டாவின் வயிற்றிலும் உள்ள கரும்புள்ளிகள் தனித்தனி, பிறந்ததிலிருந்து மாறாதவை. கீழேயிருந்து ஒரு படம் எடுத்தால் அது யார் என்று தெரிந்துவிடும். கோனாவில் லெஃப்டி என்று பெயரிட்ட பெண் மான்டாவை 1979இலிருந்து அடையாளம் கண்டுவந்தார்கள். மான்டா நாற்பதாண்டு வாழக்கூடியது என்ற அறிவு இத்தகைய பதிவுகளிலிருந்து வந்தது. மாலத்தீவில் இப்படிப் பதிவான திட்டு மான்டாக்கள் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஈக்வடார் கரையில் பெருங்கடல் மான்டா 22,000க்கு மேல் இருப்பதாக 2022இல் மதிப்பிட முடிந்ததற்கு, விடுமுறைக்கு வந்தவர்கள் எடுத்த படங்களும் காரணம். ஆஸ்திரேலியாவின் லேடி எலியட் தீவில் 2015இல் முதலில் தென்பட்ட இளஞ்சிவப்பு மான்டாவையும் படமெடுத்தவர்கள்தான் உலகுக்குச் சொன்னார்கள். அதற்கு இன்ஸ்பெக்டர் க்ளூசோ என்று சினிமாப் பெயர் வைத்ததைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் பெரும்பாலும் திட்டு மான்டாவின் கதை. அதற்குப் பாறை உண்டு, பருவம் உண்டு, திரும்பி வரும் வழக்கம் உண்டு. ஆகவே சீட்டுக் கொடுத்துக் காட்டலாம், காவல் போடலாம். பெருங்கடல் மான்டாவையும் அதன் உறவினர்களான சிறிய கொம்புத் திருக்கைகளையும் மனிதர் காண்பது பெரும்பாலும் மீன் இறங்குதுறையில்தான். இலங்கையின் நீர்கொழும்பு, மிரிஸ்ஸ துறைகளிலும், நம் காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் அவை இறங்குகின்றன. பெரும்பாலும் சூரைக்கு விரித்த வலையில் சிக்கியவை. அந்த வலையைத் தூத்துக்குடிப் பக்கம் பருவலை என்பார்கள். இறைச்சிக்குப் பெரிய விலை இல்லை. செவுளைக் காயவைத்துத் தனியே விற்பார்கள். அது சேரும் பெரிய சந்தை சீனாவின் குவாங்சோ. பழைய சீன மருத்துவத்தில் அதற்குச் சொல்லும்படியான இடம் இருந்ததில்லை. அண்மைக் காலத்தில் வியாபாரிகள் வளர்த்துவிட்ட சரக்கு.

டேனியல் ஃபெர்னாண்டோவும் ஜோஷுவா ஸ்டூவர்ட்டும் இலங்கைத் துறைகளில் பத்தாண்டு எடுத்த கணக்கை 2021இல் வெளியிட்டார்கள். உலகின் பெரிய சுருக்குமடிக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து பிடிப்பதாக மதிப்பிட்டதைவிட, அந்த ஒரு தீவின் சிறு படகுகளில் சிக்கும் கொம்புத் திருக்கைகள் அதிகம் என்று அது காட்டியது. சிறு படகு என்றாலே கடலுக்குத் தீங்கில்லை என்று நம்பிவந்த நமக்கு இது கசப்பான செய்தி. அந்தப் படகுக்காரரிடம் மான்டா உயிரோடிருந்தால் பத்து லட்சம் டாலர் என்று சொல்லிப் பார்த்தால், எந்த ஊரில் என்று கேட்பார்.

சட்டம் மெல்லத்தான் வந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2013இல் பாங்காக்கில் கூடி, மான்டா வணிகத்துக்கு அனுமதி முறையைக் கொண்டுவந்தது. 2025 இறுதியில் சமர்கண்டில் அதைக் கடுமையாக்கி, நாடுகளுக்கிடையே வணிகமே கூடாது என்றார்கள். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2019இல், சிக்கிய கொம்புத் திருக்கைகளைக் கப்பலில் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட வேண்டும் என்று விதித்தது. தங்கள் சாப்பாட்டுக்கு மட்டும் பிடிப்பவர்களுக்கு விலக்கு உண்டு. விடச் சொல்லும் விதி, மீன் உயிரோடு மேலே வந்தால்தான் பயன்படும். மான்டா நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் நீர் ஓடி மூச்சு நடக்கும்; பின்னால் நகரத் தெரியாது. இரவெல்லாம் பருவலையில் கிடந்தது விடியற்காலை வலை ஏறும்போது பெரும்பாலும் செத்திருக்கும். சுருக்குமடிக் கப்பல்களுக்காவது தளத்தில் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, சூரை கீழே விழ மான்டாவை மட்டும் தூக்கிக் கடலில் விடும் முறையைக் கிழக்குப் பசிபிக்கில் சோதித்திருக்கிறார்கள். பருவலைக்காரருக்குக் கையில் கொடுக்க அப்படி ஒன்று இன்னும் வரவில்லை.